தமிழவேள் கோ. சாரங்கபாணியும் அக்கரை ஊர்ச்செய்தியும்

இராமபிரான் தருப்பைப் புல்லின்மேல் கிடந்து கடலரசனிடம் வழி வேண்டிய தலம் என்று போற்றப்பெறும் ஊர் நம் திருப்புல்லாணி. கடலைக் கடத்தல் என்னும் எண்ணம் இம்மண்ணில் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. சேதுக்கரை தொடங்கிக் கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என நீளும் இக்கரையோரத்தார் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்தவர்கள். பயணம் போய்ப் பொருளீட்டி வருபவரைச் சபுராளி என்று அழைக்கும் வழக்கு இன்றும் நம்மிடையே உண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற ரஜூலா என்னும் கப்பலின் பெயர் நம் முதியோர்க்கு ஒரு சுற்றத்தாரின் பெயர் போலவே பழகியிருந்தது.

என் அப்பத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அக்கரையிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொடுத்தது அது. அதன் அடியில் துணி கறைபடாமலிருக்க விரித்திருந்த செய்தித்தாளைத்தான் நான் முதன்முதலில் பார்த்த சிங்கப்பூர்த் தமிழிதழ் எனச் சொல்ல வேண்டும். மஞ்சளேறி மடிப்பில் கிழிந்திருந்த அத்தாளில் உலகச் செய்தி ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு சங்கத்தின் கூட்ட அறிவிப்பும், ஒரு தமிழ்ப்பள்ளியைப் பற்றிய குறிப்பும், யாரோ ஒருவரின் மறைவுச் செய்தியும் இருந்தன. இவ்வளவு சிறிய செய்திகளை எவர் படிப்பர் என்று அன்று வியந்தேன். அச்சிறு செய்திகளைக் கொண்டே சிதறிக் கிடந்த மக்களை ஒரு சமுதாயமாகத் திரட்டிய ஒருவரின் வாழ்க்கையைப் பின்னாளில் கற்றபோது அவ்வியப்பு வேறு வகையாயிற்று. தமிழ் முரசு இதழை நிறுவிய கோ. சாரங்கபாணி அவர்களைப் பற்றி நம் இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் எழுத விரும்பியதற்கு இதுவே காரணம்.

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் திருவாரூரில் பிறந்தார். தம் இருபத்தொன்றாம் வயதில், 1924இல், சிங்கப்பூர் சென்றடைந்தார். வணிக நிறுவனமொன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அக்காலத்தில் கப்பலேறிய ஆயிரக்கணக்கான இளைஞர்களின் வரலாறு இந்த அளவில் ஒன்றுபோலவே இருக்கும். கொஞ்சம் பொருள் சேர்த்தல், ஊருக்கு அனுப்புதல், சில ஆண்டுகளில் திரும்புதல் என்பதே வழக்கமான வட்டம். அவர் அவ்வட்டத்துள் அடங்கவில்லை.

அன்றைய சிங்கப்பூர்த் தமிழரின் நிலையை அறிந்தாலன்றி அவர் செய்த பணியின் அருமை விளங்காது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், நகராட்சியில் சாலை போட்டோரும் துப்புரவு செய்தோரும், பின்னர்ச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தோர், கித்தங்கிகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள், அலுவலகங்களில் பணியாற்றிய ஈழத்தமிழர் எனப் பல திறத்தார் அங்கு வாழ்ந்தனர். இவர்கள் எல்லாரும் தமிழ் பேசினர் என்பது உண்மையே. ஆயினும் ஒருவரையொருவர் தமிழர் என்று கருதினர் எனச் சொல்ல இயலாது. சாதியும் சமயமும் பிறந்த மாவட்டமும் அவர்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாக்கி வைத்திருந்தன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சங்கம் இருந்தது. ஒரு சங்கத்தார் செய்வது மற்றொரு சங்கத்தார்க்குத் தெரியாது. எல்லார் மனமும் தாயகத்தையே நோக்கியிருந்தமையால், வாழும் ஊர் ஒரு தங்கும் விடுதியாகவே எண்ணப்பட்டது.

தமிழிதழ்கள் அந்நகருக்குப் புதியன அல்ல. 1887இலேயே மகுதூம் சாயபு சிங்கை நேசன் என்னும் வார இதழைத் தொடங்கினார். கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 1924இல் தமிழ் நேசனை நிறுவியிருந்தார். சிங்கப்பூர் மண்ணில் தோன்றிய இதழ்கள் பல, சிலவாண்டுகளே வாழ்ந்து மறைந்தன. பொருளின்மை ஒரு காரணம். இதழ் தம்முடையது என்று உரிமை கொண்டாடும் வாசகர் கூட்டம் உருவாகாமையும் மற்றொரு காரணம் என்பது என் கருத்து.

1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். சுயமரியாதைக் கருத்துகளில் முன்னரே ஈடுபாடு கொண்டிருந்த சாரங்கபாணி அவ்வாண்டிலேயே முன்னேற்றம் என்னும் வார இதழின் ஆசிரியராகிவிட்டிருந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தபோது அதன் முன்னணியில் நின்றார். அச்சங்கத்தின் குரலாக 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு வார இதழாக வெளிவந்தது. விலை ஒரு காசு. வெள்ளி ஒன்றுக்கு நூறு காசு என்னும் கணக்கில் கூலித்தொழிலாளியும் வாங்கத்தக்க விலை அது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பதே அன்றைய வழக்கமாதலால், ஒரு தாள் பல செவிகளைச் சென்றடைந்தது. 1937இல் இதழ் நாளிதழாயிற்று. பொறுப்பு முழுவதையும் சாரங்கபாணி தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார்.

நாளிதழ் என்றவுடன் இந்திய விடுதலைப் போராட்டச் செய்தியும் ஐரோப்பியப் போர்ச் செய்தியுமே நம் நினைவுக்கு வரும். முரசு அவற்றையும் வெளியிட்டது. ஆனால் அவற்றைப் பிற இதழ்களிலும் காணலாம். ஆங்கில இதழ்களில் விரைவாகவே காணலாம். முரசில் மட்டும் காணத்தக்கது உள்ளூர்ச் செய்தி. எந்தச் சங்கம் எங்கே கூடுகிறது, எந்தத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் இல்லை, எந்தத் தொழிலாளர்க்குக் கூலி குறைக்கப்பட்டது, எவர் மணம் சடங்கின்றி நடந்தது என்பன அச்சேறின. தன் சங்கத்துச் செய்தியைத் தேடிப் படிக்க வந்தவன் கண்ணில் அடுத்த பத்தியிலுள்ள மற்றொரு சங்கத்துச் செய்தியும் பட்டது. நாள்தோறும் ஒரே தாளில் அண்டை அண்டையாக அச்சாகி வந்தவர்கள், தாம் ஒரே ஊரார் என்பதைப் படிப்படியாக உணர்ந்தனர். எந்த மேடைப் பேச்சும் இதனை இவ்வளவு அமைதியாகச் செய்திருக்க முடியாது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாசகரை மகிழ்வித்து நம்பிக்கையைப் பெறுவது எளிது. சாரங்கபாணியோ தம் வாசகரைக் கடிந்துகொள்ளத் தயங்காத ஆசிரியர். கள்ளுக்கடையில் கூலியைத் தொலைப்பதையும், சாதி பார்த்துப் பந்தி பிரிப்பதையும், தீமிதித்தல், அலகு குத்துதல் முதலிய வழக்கங்களையும் முரசு கண்டித்தது. சமயப் பற்றுடையோர் பலர் இதனால் வருந்தினர், வெகுண்டோரும் உளர். இருப்பினும் மறுநாள் காலையில் அவர்களே முரசைத் தேடினர். தம் வீட்டுத் துயரும் தம் பிள்ளை படிக்கும் பள்ளியின் குறையும் அதில்தான் வெளிவந்தன என்பதே இதற்கு விடையாகும். நம் வாழ்வை அறிந்தவர் நம்மைக் கடியும்போது கசப்பு ஏற்படினும் உறவு முறிவதில்லை.

தாம் எழுதியதைத் தாமே கைக்கொண்டார் என்பதும் கருதத்தக்கது. 1937இல் அவர் லிம் பூன் நியோ என்னும் சீனப் பெண்மணியை மணந்தார். சாதிவிட்டுச் சாதி மணப்பதே பெரும் பூசலை விளைவித்த அக்காலத்தில், இனம் கடந்த மணம் எத்தகைய அலரை எழுப்பியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவ்வில்லறம் இனிதே நடந்து மக்கட்பேற்றாலும் சிறந்தது.

1938ஆம் ஆண்டு தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்டதையொட்டி, இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்தொகை தந்து மலாயாவுக்கு அனுப்பும் முறையைத் தடை செய்தது. இதன் விளைவாகப் புதியவர் வரத்துக் குறைந்து, முன்பே வந்தவர் வேரூன்றும் நிலை தோன்றியது. அடுத்துப் போர் வந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது, முரசும் நின்றது. சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் மீளவேயில்லை. யார் இருக்கிறார், யார் இறந்தார் என்று அறிய வழியற்ற காலம் அது. நம் கரையோர ஊர்களிலும் கடிதம் நின்றுபோன வீடுகள் இருந்தன. கணவர் உயிரோடிருப்பதாகவே எண்ணித் தாலியுடன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களைப் பற்றி அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர்ச்செய்தி என்பது இல்லாதபோதுதான் அதன் எடை தெரிகிறது.

போர் முடிந்தபின் முரசு மீண்டும் ஒலித்தது. இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழையும் சாரங்கபாணி நடத்தினார். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை 1950களில் முரசின் வழியாக அவர் செய்த பணிகளே.

தனித்தனியே இயங்கிய தமிழர் சங்கங்களை ஒரு குடையின்கீழ்க் கொணரத் தமிழர் பிரதிநிதித்துவ சபை 1951இல் அமைந்தது. அதனை அடுத்து, 1952இல், தமிழர் திருநாள் தொடங்கப்பெற்றது. பொங்கல் நாளை ஒட்டி இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்னும் வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடும் விழா அது. பேச்சு, கட்டுரை, விளையாட்டு, நாடகம் எனப் பல நிகழ்ச்சிகள் நடந்தன. சிங்கப்பூரில் தோன்றிய இவ்விழா மலாயாவின் ஊர்களுக்கும் பரவியது. முரசு இதற்குச் செய்தது விளம்பரம் மட்டும் அன்று. விழாவுக்கு முன் ஆயத்தச் செய்தி, விழா நாளில் நிகழ்ச்சி நிரல், பின்னர்ப் பரிசு பெற்றோர் பட்டியல் என ஒவ்வொன்றையும் அச்சிட்டது. தன் மகளின் பெயரைப் பரிசுப் பட்டியலில் கண்ட தந்தை அத்தாளை எவ்வளவு காலம் மடித்து வைத்திருப்பார் என்பதை ஆசிரியையாகிய நான் நன்கு அறிவேன்.

தீவிரச் சீர்திருத்தத்தில் தொடங்கியவர், கோயிலுக்குச் செல்பவரையும் பள்ளிவாசலுக்குச் செல்பவரையும் ஒருசேர அணைக்கும் விழாவுக்கு வந்து சேர்ந்தது, கொள்கை உறுதி மிக்க சிலர்க்குக் குறையாகவே தோன்றியிருக்கும். நான் அவ்வாறு கருதவில்லை. பதினைந்தாண்டுக் காலம் மக்களின் அன்றாடச் செய்தியைக் கையாண்ட ஒருவர், அவர்கள் எங்கே இணங்குவர், எங்கே இணங்கார் என்பதைக் கற்றிருந்தார். இதழ் மக்களைத் திருத்தியது போலவே மக்களும் இதழைத் திருத்தினர்.

சிறுவர்க்கென முரசில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதி வெளிவந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் தாமே எழுதி அனுப்பிய கதையும் கவிதையும் கட்டுரையும் அதில் இடம்பெற்றன. பின்னாளில் சிங்கப்பூரின் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கிய பலர் தம் பெயரை முதலில் அச்சில் கண்டது அங்கேதான். அச்சிறுவர் ஒருவரையொருவர் பெயரால் அறிந்து, பின் நேரில் சந்தித்து, மன்றமாகவே கூடலாயினர்.

சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அறிவுரை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சமற்கிருதத்தைப் பரிந்துரைத்தார். அந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராயிருக்க, தமிழுக்கே அவ்விடம் உரியது என்று முரசு வாதிட்டது. வாதிட்டதோடு நில்லாமல், தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் நிதி திரட்டியது. பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கான நிதி அது. செல்வர் மட்டுமின்றி, அந்நூல்களைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் திறக்க வாய்ப்பில்லாத தோட்டத் தொழிலாளரும் நகராட்சித் தொழிலாளரும் வெள்ளியும் காசுமாக அளித்தனர். கூலி வாங்கும் ஒருவன் முன்பின் அறியாத நூலகத்துக்காகப் பணம் தருவதற்குப் பெரும் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கை இருபதாண்டுகளாக அவன் ஊர்ச்செய்தியைப் பிழையின்றித் தந்ததனால் இதழ் ஈட்டியது. 1956இல் இந்தியவியல் துறை தமிழை மொழியாகக் கொண்டு தொடங்கியது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு மாறியது. தனிநாயக அடிகளார் அதன் தலைவராக விளங்கினார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரிலேயே கூடியது. தமிழாய்வைத் தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோர், அம்மாநாட்டுக் கட்டுரைகளைப் புரட்டும்போது அந்தத் தொழிலாளரின் காசையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

அவர் வாழ்வின் மிகக் கடினமான கேள்வி குடியுரிமை பற்றியது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறவாதவர், குறிப்பிட்ட காலம் வாழ்ந்திருப்பின், பதிவு செய்து உறுதிமொழி எடுத்துக் குடிமக்களாகலாம் என்னும் நிலை ஏற்பட்டது. அவ்வாண்டுக் கணக்குப்படி ஏறத்தாழ 1,24,000 இந்தியர் அத்தீவில் வாழ்ந்தனர். பதிவு செய்வதா, வேண்டாவா என்பது ஒவ்வொரு குடும்பத்தையும் வாட்டிய ஐயம். ஊரில் பெற்றோர் இருந்தனர். பலர்க்கு மனைவி மக்களே இங்கிருந்தனர். நிலமும் வீடும் இருந்தன. பிறந்த நாட்டின் உரிமையை விட்டுவிடுவதா என்னும் உறுத்தலும், தாளில் கைந்நாட்டு வைத்தால் என்ன வருமோ என்னும் அச்சமும் சேர்ந்திருந்தன.

சாரங்கபாணி ஐயத்துக்கு இடமின்றி ஒரு பக்கம் நின்றார். வாழும் நாட்டைத் தம் நாடாக ஏற்றுப் பதிவு செய்துகொள்ளுமாறு முரசு இடைவிடாது வற்புறுத்தியது. குடிமகனல்லாதவனுக்கு வாக்கில்லை, வாக்கில்லாதவன் மொழிக்கும் இடமிராது என்று அவர் தொலைவை நோக்கிக் கணித்தார். பதிவு பற்றிய விளக்கங்களை எளிய தமிழில் எடுத்துரைத்தமையால், அரசாங்க அலுவலகத்தை அஞ்சியவரும் முன்வந்தனர். அரசு அறிவிப்பைக் காட்டிலும் முரசின் சொல்லையே அவர்கள் நம்பினர். இந்த நம்பிக்கை பெருஞ்சுமை. அவர் கணிப்புப் பிழைத்திருந்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரு கரைக்கும் உரியரல்லராய் நின்றிருக்கும். அவ்வச்சம் வீண் அச்சமன்று. இலங்கை மலையகத்திலும் பர்மாவிலும் தமிழர்க்கு நேர்ந்ததை நாம் அறிவோம். 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. அக்கரையில் குடிமகனாகிப் பதிந்தவர், இக்கரையில் குறைந்தார். நம் பகுதியில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள் சிலவற்றின் வரலாறு அந்தப் பதிவுத்தாளில் தொடங்குகிறது. முரசை வாழ்த்தும்போது இதனை மறைத்துவிடுதல் நேர்மையாகாது.

தொழிலாளர் நலனுக்குக் குரல் கொடுத்த முரசின் அலுவலகத்திலேயே 1963இல் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இதழ் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வெளிவரவில்லை. அவர்தம் வரலாற்றை எழுதுவோர் சிலர் இதனை ஒரே வரியில் கடந்து செல்கின்றனர். அவ்வாறு செல்லல் முறையன்று. பொருள் வளமற்ற ஓர் இதழை நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்டு நடத்துபவர், அதே நம்பிக்கையை ஊழியர்க்கும் கூலியாக அளித்துவிட முடியாது. இதழ் நின்ற இடைவெளியில் 1964இல் தமிழ் மலர் என்னும் நாளிதழ் தோன்றிப் போட்டியாயிற்று. முரசு மீண்டும் வந்தது. முன்பிருந்த வீறு குறைந்ததெனினும், பழைய வாசகர் கைவிடவில்லை.

மக்கள் அவரைத் தமிழவேள் என்று அழைத்தனர். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் வழங்கும் விருதொன்று இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பகுதியோடு தொடர்புடைய மற்றொரு பெயரும் அந்நகரில் வழங்கியது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் சீறாப்புராணம் பாடத் தொடங்கிய உமறுப் புலவரின் பெயரால், கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியை நிறுவியது. அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடைபெற்றது. தமிழ்ப்பள்ளிகளின் அன்றாடக் குறைநிறைகளை ஊரறியச் செய்த பணியில் முரசுக்குப் பெரும்பங்கு உண்டு.

சாரங்கபாணி 1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ரஜூலாக் கப்பலின் ஓட்டமும் நின்றிருந்தது. அவருக்குப்பின் குடும்பத்தார் இதழை நடத்தினர். 1995இல் அது சிங்கப்பூரின் பெரிய செய்தித்தாள் நிறுவனத்திடம் சென்றது. இன்றும் நாளிதழாக வெளிவருகிறது. பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் பாதுகாத்து வைத்துள்ளது. ஆயினும் அங்கேயும் விடுபட்ட நாள்கள் இருத்தல் கூடும். அப்பத்தாவின் பெட்டியை வீடு மாறியபோது துரு ஏறியதென்று கொடுத்துவிட்டார்கள். அடியில் இருந்த தாளும் அதனோடு போயிற்று. நம் வட்டத்து அன்பர் எவர் இல்லத்திலேனும் அக்கரையிலிருந்து வந்த பழைய பெட்டிகள் இருப்பின், அவற்றின் அடியில் விரித்திருக்கும் தாளைக் கிழித்தெறியுமுன் ஒருமுறை விரித்துப் பார்த்து, வட்டத்தின் நூலகத்துக்கு அளிக்க வேண்டுகிறேன்.